மரச் சுவரும் மரத் தளமும் ஒலியை எவ்வளவு தடுக்கும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய சி.எல்.டி. மரத்தால் கட்டப்படும் குடியிருப்புகளைப் பற்றி வந்த கேள்விகளில், ஒலி தொடர்பானவை மட்டும் இங்கே இடம்பெறுகின்றன.

கேள்வி: பதினேழு சென்டிமீட்டர் தடிமனுள்ள சி.எல்.டி. தளம், அதே தடிமனுள்ள கான்கிரீட் தளம் அளவுக்கு ஒலியைத் தடுக்காதது ஏன்?

பதில்: ஒலியைத் தடுப்பதில் தடிமனைவிட எடைக்கே பங்கு அதிகம். ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ இருக்கும், சி.எல்.டி. 450 முதல் 500 கிலோதான். எடை இரட்டிப்பானால் தடுப்பு 6 டெசிபல் கூடும் என்பது கோட்பாடு. அதன்படி, எடை ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்போது சுமார் 14 டெசிபலை இழக்கிறோம். போதாக்குறைக்கு, இந்தப் பலகை எடை குறைவாகவும் விறைப்பு மிகுந்தும் இருப்பதால், அதன் வளைவதிர்வு காற்றொலியோடு ஒத்துப்போய் தடுப்பு சரியும் இடம், பேச்சொலிக்கு முக்கியமான சில நூறு ஹெர்ட்ஸ் பகுதியிலேயே விழுகிறது. மேலே எதுவும் போடாத, ஐந்தடுக்கு கொண்ட 175 மி.மீ. தளம் காற்றுவழி ஒலிக்கான எஸ்.டி.சி. அளவில் ஏறக்குறைய 40-ஐயும், காலடி ஒலிக்கான ஐ.ஐ.சி. அளவில் ஏறக்குறைய 25-ஐயும்தான் எட்டும். அமெரிக்காவில் பின்பற்றப்படும் கட்டட விதித்தொகுப்பு இரண்டிலும் 50 கேட்கிறது. ஆகவே, வெறும் பலகையை இரு வீடுகளுக்கு நடுவே விட்டுவைக்கவே கூடாது.

கேள்வி: இங்கிலாந்தில் எங்கள் அடுக்ககம் ஒலிச் சோதனையில் தேறிவிட்டது என்கிறார்கள். ஆனாலும் மேல்வீட்டுக் குழந்தை ஓடுவது 'தொம் தொம்' என்று கேட்கிறது. சோதனை பொய்யா?

பதில்: சோதனை பொய்யாக இருக்க வேண்டியதில்லை, அது அளக்கும் எல்லை குறுகியது. இங்கிலாந்து விதிப்படி, புதிய வீடுகளுக்கு இடையிலான தளம் காற்றுவழி ஒலியைக் குறைந்தது 45 டெசிபல் தடுக்க வேண்டும். கீழ்வீட்டில் அளக்கப்படும் தாக்க ஒலி, அதாவது காலடி போன்றவை தளத்தில் மோதி எழுப்பும் ஒலி, 62 டெசிபலைத் தாண்டக் கூடாது. தாக்க ஒலிக்கான அந்த ஒற்றை எண் 100 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. குதிகால் ஊன்றும்போது எழும் முழக்கத்தின் பெரும்பகுதியோ அதற்குக் கீழே இருக்கிறது. எடை குறைந்த தளங்களில் அது மேலும் ஓங்கிக் கேட்கும். சுவீடன் தன் மதிப்பீட்டை 50 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறது. அங்குள்ள ஆய்வாளர்கள் தாக்க ஒலிக்கு 20 ஹெர்ட்ஸிலிருந்தே தொடங்க வேண்டும் என்றும் பரிந்துரைத்திருக்கிறார்கள். மரக் கட்டடங்களுக்கு இப்படித் தாழ்ந்த ஒலிகளையும் சேர்த்து அளப்பதே நேர்மையான அளவுகோல் என்பது என் உறுதியான கருத்து. வீடு வாங்குபவர் "தேறியதா?" என்பதோடு நிறுத்தாமல், 50 ஹெர்ட்ஸிலிருந்து அளந்த எண்ணையும் கேட்க வேண்டும்.

கேள்வி: தடித்த கம்பளம் விரித்தால் போதாதா?

பதில்: போதாது. செருப்பின் 'டக் டக்' ஒலி அடங்கும். முழக்கமும் பேச்சொலியும் அப்படியே இருக்கும்.

கேள்வி: 100 மி.மீ. சி.எல்.டி. சுவரில் 25 மி.மீ. ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து ஒற்றை ஜிப்சம் பலகை பொருத்தினோம். தாழ்ந்த ஒலிகள் முன்னைவிட அதிகமாகக் கேட்பதுபோல் இருக்கிறது. பிரமையா?

பதில்: பிரமை அன்று. இரண்டு பலகைகளும் அவற்றுக்கு இடையே அடைபட்ட காற்றும் சேர்ந்து, ஒரு சுருள்வில்லின் இரு முனைகளில் எடை கட்டியதுபோல் அதிரும். அந்த அதிர்வெண்ணில் தடுப்பு, வெறும் சுவரைவிடவும் குறைந்துபோகும். சதுர மீட்டருக்குச் சுவர் 50 கிலோ, ஜிப்சம் 10 கிலோ என்று வைத்துக்கொண்டால், 25 மி.மீ. இடைவெளியில் அது ஏறக்குறைய 130 ஹெர்ட்ஸ், அதாவது இசையின் தாழ்சுரங்கள் ஒலிக்கும் இடம். இடைவெளியை 75 மி.மீ. ஆக்கி, ஜிப்சத்தை இரட்டைப் பலகையாக்கினால் 60 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். உள்ளே ராக்வூல் எனப்படும் பாறைக் கம்பளியை நிரப்புங்கள். ரீப்பரைச் சுவரில் அடிக்காமல், சுவரைத் தொடாத தனிச் சட்டத்தில் பலகையைப் பொருத்துங்கள். அடித்த ரீப்பர் அதிர்வுக்குப் பாலமாகிவிடும்.

கேள்வி: தளத்தின் அடிப்புற மரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது எங்கள் விருப்பம். கீழே பொய்க்கூரை இல்லாமல் முடியுமா?

பதில்: முடியும், ஆனால் எல்லா வேலையையும் மேலேயே செய்தாக வேண்டும். எடையைச் சேர்ப்பதற்கு 2017இல் முடிந்த, வான்கூவரின் 18 மாடி மாணவர் விடுதியான பிராக் காமன்ஸ் நல்ல எடுத்துக்காட்டு: அங்கே 169 மி.மீ. சி.எல்.டி.யின் மேல் 40 மி.மீ. கான்கிரீட் இடப்பட்டது. இவ்வளவு மெல்லிய படலமும் சதுர மீட்டருக்கு 96 கிலோ வரும்; கீழுள்ள மரத்தின் எடையைவிட அது அதிகம். மரத்தை மறைக்காமல் விடும்போது எடை மட்டும் போதாது. கான்கிரீட்டுக்கு அடியில் மீள்தன்மையுள்ள பாய் விரித்து, விளிம்பெங்கும் சுவரைத் தொடாமல் கான்கிரீட்டை மிதக்கவிட வேண்டும். ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் பாய்க்குக் கீழே உலர்ந்த சரளையைக் கொட்டி எடை கூட்டும் வழக்கமும் உண்டு.

கேள்வி: ஆய்வுக்கூடச் சான்றில் ஒலித்தடுப்பு 55 என்று இருந்த சுவர், கட்டடத்தில் அளந்தபோது 48 தருகிறதே?

பதில்: ஆய்வுக்கூடத்தில் ஒலி அந்தச் சுவரின் வழியாக மட்டுமே போகும், கட்டடத்திலோ தரை, கூரை, பக்கச்சுவர் வழியாகச் சுற்றியும் வரும். ஒரே சி.எல்.டி. தளம் இரு வீடுகளுக்கும் தொடர்ந்து ஓடினால், நடுச்சுவரை எவ்வளவு நல்லதாக்கியும் பயன் குறைவு. பொதுச்சுவரின் கீழே தளத்தை அறுத்துப் பிரிப்பதும், சுவர்களின் அடியில் பாலியூரித்தேன் பட்டை வைப்பதும் அந்தப் பாதையைத் துண்டிக்கும். ஆனால் அந்தப் பட்டையைத் துளைத்து இறங்கும் ஒவ்வொரு திருகாணியும் துண்டித்ததைத் திரும்ப இணைக்கிறது. ஆகவே அமைப்புப் பொறியாளரையும் ஒலிப் பொறியாளரையும் ஒன்றாக உட்காரவைத்துத் திருகாணிகளின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். ஜிப்சம் ஏறி எல்லாம் மறைவதற்கு முன் ஒரு வீட்டிலாவது அளந்து பாருங்கள்.