வாசகர் கேள்வி–பதில்: ஈ.பி. ஆபீஸில் கார்பன் கணக்கு

கோடை விடுமுறையில் மின்துறையில் இன்டர்ன்ஷிப் செய்யப்போகும் மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

மூன்றாம் ஆண்டு ட்ரிபிள்-ஈ மாணவி, பாளையங்கோட்டை: மின் பகிர்மான அலுவலகத்தில் ஆறு வாரப் பயிற்சி கிடைத்திருக்கிறது. ‘கார்பன் உமிழ்வுத் தரவு ஆய்வு’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பகிர்மான அலுவலகத்தில் நிலக்கரியே எரிப்பதில்லையே, எதைக் கணக்குப் போடுவது?

நல்ல சந்தேகம். பெரும்பங்கு லைன் லாஸில் இருக்கிறது. துணை மின் நிலையத்திலிருந்து கிளம்பிய யூனிட்டில் பில்லுக்கு வராமல் போனது கம்பியிலும் டிரான்ஸ்பார்மரிலும் சூடாகக் கரைந்திருக்கும், இல்லையென்றால் திருட்டிலும் ஓடாத மீட்டரிலும் போயிருக்கும். அதை உண்டாக்க எங்கோ நிலக்கரி எரிந்திருக்கிறது. அந்தப் புகை பகிர்மான நிறுவனத்தின் பெயரில் ‘ஸ்கோப் 2’ பிரிவில் (வாங்கிய மின்சாரத்தில் தன் பங்குக்குச் செலவானதன் உமிழ்வு) ஏறும்.

ஒரு 11 கே.வி. (11,000 வோல்ட்) ஃபீடரில், அதாவது துணை மின் நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் மின்பாதையில், மாதம் 5,00,000 யூனிட் ஏறி, இழப்பு 12 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60,000 யூனிட்டை 0.727 கிலோவால் பெருக்கினால் 43,620 கிலோ, அதாவது 43.6 டன் கரியமில வாயு. இந்த 0.727 என்பது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிலோ உமிழ்வு என்று மத்திய மின்சார ஆணையம் 2023-24க்கு வெளியிட்ட தேசிய சராசரி. 2022-23க்கு அது 0.716. எந்த ஆண்டின் யூனிட்டோ அந்த ஆண்டின் எண்ணால்தான் பெருக்க வேண்டும். எல்லா ஆண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டு ‘உமிழ்வு குறைந்தது’ என்று எழுதினால், குறைந்தது யூனிட் மட்டும்தான். வாடிக்கையாளர்களுக்கு விற்ற 4,40,000 யூனிட்டின் உமிழ்வு ‘ஸ்கோப் 3’ (மற்றவர் உபயோகத்தால் வரும் மறைமுக உமிழ்வு). அதை இழப்போடு கூட்டி ஒரே எண்ணாகக் காட்டாதீர்கள்.

ஜீப், லாரி, ஜெனரேட்டர் டீசல் சுலபம்: லிட்டருக்குச் சுமார் 2.68 கிலோ. பலரும் தவறவிடுவது எஸ்.எஃப்.6 (சல்பர் ஹெக்ஸாஃப்ளோரைடு) வாயு. 110 கே.வி. பிரேக்கர்களில் (மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சுகள்) மின்பொறியை அணைப்பது இதுதான். ஒரு கிலோ கசிந்தால், ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஐந்தாம் அறிக்கைப்படி, 23,500 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். மேலே சொன்ன கணக்கில் அது 32,000 யூனிட்டுக்கும் மேல். ஆண்டுத் தொடக்கத்தில் சிலிண்டர்களில் இருந்ததோடு வாங்கியதைக் கூட்டி, ஆண்டுக் கடைசியில் மிஞ்சியதையும் புதிய பிரேக்கருக்கு முதல்முறை நிரப்பியதையும் வெளியே திருப்பி அனுப்பியதையும் கழியுங்கள். மிச்சம் வருவதுதான் கசிவு. சிலிண்டரில் இருப்பதைத் தராசில் எடை போட்டுத்தான் அறிய முடியும், பிரஷர் கேஜ் உதவாது. உள்ளே வாயு திரவமாக இருக்கிறது. கடைசிச் சொட்டுத் திரவம் தீரும்வரை முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும்.

கல்லூரி மாணவர், வள்ளியூர்: எங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாலை, பக்கத்தில் கூடங்குளம். எங்கள் மின்சாரத்துக்கும் தேசிய சராசரியைப் போடுவது அநியாயம் இல்லையா?

ஆதங்கம் புரிகிறது. ஆனால் கம்பியில் வரும் மின்சாரத்துக்கு ஊர்ப்பெயர் கிடையாது. 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டலக் கட்டமைப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு இணைந்துவிட்டது. கூடங்குளத்தின் இரண்டு 1000 மெகாவாட் அலகுகள் தரும் மின்சாரமும் பல மாநிலங்களுக்குப் பங்காகப் போகிறது. பணகுடியிலும் முப்பந்தலிலும் சுற்றும் காற்றாலைகளில் பல மில்களுக்குச் சொந்தம். அந்த மின்சாரத்தை வீலிங் முறையில் (மின்வாரியக் கம்பி வழியே கொண்டுபோய்) அவர்கள் தங்கள் ஆலைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அதே யூனிட்டைப் பகிர்மான நிறுவனமும் ‘எங்கள் பசுமை மின்சாரம்’ என்று எழுதினால் ஒரே நெல்லை இரண்டு முறை அளந்த கதைதான்.

காற்றாலை எவ்வளவு உமிழ்வைத் தவிர்த்தது என்பது வேறு கேள்வி. அதற்குச் சராசரி எண் பொருந்தாது. மின்சார ஆணையத்தின் அதே தரவில் ‘ஆபரேட்டிங் மார்ஜின்’ (இப்போது ஓடும் நிலையங்களின் உமிழ்வு), ‘பில்ட் மார்ஜின்’ (அண்மையில் கட்டிய நிலையங்களின் உமிழ்வு) என்று இரண்டு எண்கள் உண்டு. காற்றுக்கும் சூரிய ஒளிக்கும் முதலாவதை 75 சதவீதம், இரண்டாவதை 25 சதவீதம் என்று கலந்து எடுப்பது நடைமுறை. காற்று இல்லாத மாதங்களில் காற்றாலையே கட்டமைப்பிலிருந்து கொஞ்சம் மின்சாரம் இழுக்கும். அந்த இம்போர்ட் யூனிட்டைக் கழித்துவிட்டுப் பெருக்குங்கள்.

பொறியியல் மாணவர், அம்பாசமுத்திரம்: ஃபீடர் இழப்பு ஒரு மாதம் 31 சதவீதம், அடுத்த மாதம் மைனஸ் 4 சதவீதம் என்று வருகிறது. எக்செல் ஃபார்முலாவைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன். தவறு எங்கே?

ஃபார்முலாவை விடுங்கள், யூனிட் வந்த வழியைப் பாருங்கள். இந்த வேலையில் பெருக்கல் ஒரு வரிதான். பெருக்கும் யூனிட் நம்பத்தக்கதா என்று பார்ப்பதில்தான் ஆறு வாரமும் போகும்.

முதல் சந்தேகம் பில் போடும் காலம். ஃபீடர் மீட்டரை மாதாமாதம் எடுக்கிறார்கள், வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். ஆகவே மே மாத விற்பனை என்று காட்டப்படுவதில் மார்ச், ஏப்ரல் உபயோகமும் கலந்திருக்கும். வெயில் ஏறி உபயோகம் கூடும்போது பில் பின்தங்கி இழப்பு பெரிதாகத் தெரியும். சாரல் விழுந்து ஏ.சி. நின்றதும் பழைய கூடுதல் பில் வந்து சேர, இழப்பு மைனஸுக்குப் போகும். மாதக் கணக்கைக் கைவிட்டு, தொடர்ந்து 12 மாதக் கூட்டுத்தொகையை மாதந்தோறும் நகர்த்திப் பாருங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

அடுத்தது எம்.எஃப்., அதாவது பெருக்கெண். மீட்டருக்காக மின்னோட்டத்தைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்பார்மர் சி.டி., மின்னழுத்தத்தைக் குறைத்துத் தருவது பி.டி. சி.டி. 400/5 என்றால் 80, பி.டி. 11,000/110 என்றால் 100, இரண்டையும் பெருக்கினால் 8000. மீட்டரில் ரீடிங் வித்தியாசம் 62.5 என்றால் 5,00,000 யூனிட். சி.டி.யை 200/5-லிருந்து 400/5-க்கு மாற்றியபின் பழைய 4000-ஐயே போட்டுக்கொண்டிருந்தால் உள்ளே வந்தது பாதியாகத் தெரியும். மாதத்தின் நடுவில் மாற்றியிருந்தால் மாற்றிய அன்றைய ரீடிங்கை வைத்து இரண்டாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும். சில மீட்டர்கள் பெருக்கியே காட்டும். அதை மறுபடியும் பெருக்கிவிடாமல், மீட்டரின் பெயர்ப்பலகையையும் எம்.ஆர்.டி. (மீட்டர், ரிலே சோதனைப் பிரிவு) பொறியாளரிடம் உள்ள சோதனை அறிக்கையையும் ஒப்பிடுங்கள்.

ஒரு ஃபீடரில் மைனஸும் அடுத்த ஃபீடரில் திடீர் உயர்வும் சேர்ந்தே வந்தால், பராமரிப்புக்காக லோடை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். துணை மின் நிலைய லாக் புக்கில் நேரம் எழுதியிருக்கும். இரண்டையும் கூட்டி ஒரே ஃபீடராகப் பார்த்தால் சரியாகிவிடும். மாடியில் சோலார் போட்ட வீடுகள் அதிகமுள்ள ஃபீடரில், துணை மின் நிலைய மீட்டரைத் தொடாமலே மின்சாரம் உள்ளே வருகிறது. அந்த எக்ஸ்போர்ட் யூனிட்டையும் உள்ளே வந்ததோடு கூட்டுங்கள்.

உங்கள் அம்பைப் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. நெல்லுக்கும் வாழைக்கும் தண்ணீர் இறைக்கும் விவசாய பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம். மீட்டர் இல்லாதவற்றுக்கு மதிப்பீட்டு யூனிட்டைத்தான் எழுதுகிறார்கள். அந்த மதிப்பீட்டைக் கூட்டினால் இழப்பு தாளில் குறையும், குறைத்தால் ஏறும். கம்பியில் ஒன்றும் மாறியிருக்காது. எனவே அதைத் தனி நெடுவரிசையில் ‘மதிப்பீடு’ என்று எழுதி, 10 சதவீதம் கூட்டியும் குறைத்தும் விடை எவ்வளவு ஆடுகிறது என்று காட்டுங்கள். அறிக்கையில் இதைவிட நேர்மையான பக்கம் வேறு இருக்காது.

எக்செல் விஷயம் ஒன்று. 15 நிமிடத் தரவு என்றால் நாளுக்கு 96 வரி, ஆண்டுக்கு 35,040. முதலில் வரிகளை எண்ணுங்கள். 05/06 என்பது ஜூன் 5-ஆ, மே 6-ஆ என்று கணினி தன் விருப்பத்துக்கு எடுத்துக்கொள்ளும். 13ஆம் தேதியிலிருந்து தேதிகள் வெறும் எழுத்தாக (டெக்ஸ்ட்) மாறி இடப்பக்கம் ஒதுங்கி நின்றால் அதுதான் அடையாளம். ‘24:00’ என்ற நேரம் மறுநாள் 00:00 ஆகிவிடும். விட்டுப்போன வரியில் பூஜ்யம் போடாதீர்கள். காலியாக விட்டு, எத்தனை காலி என்று எழுதுங்கள்.

வேதியியல் மாணவி, தூத்துக்குடி: அனல்மின் நிலையத்துக்கான என் நிலக்கரிக் கணக்கு, அவர்கள் கணக்கைவிட 12 சதவீதம் கூடுதலாக வருகிறது. ஏன்?

ஈரப்பதமாக இருக்கலாம். ஆய்வகம் கார்பன் சதவீதத்தைக் காற்றில் உலர்த்திய மாதிரிக்குத் தருகிறது; டன் கணக்கோ வந்து இறங்கிய ஈர நிலக்கரிக்கு. உலர்ந்த மாதிரியில் கார்பன் 45, ஈரம் 6 சதவீதம், வந்த நிலக்கரியில் மொத்த ஈரம் 16 சதவீதம் என்றால் 45 × 84 ÷ 94 = 40.2 சதவீதம்தான் உண்மையான கார்பன். 1000 டன்னுக்கு, 44/12-ஆல் பெருக்க, 1650 டன்னுக்குப் பதில் 1474 டன் கரியமில வாயு. உங்கள் 12 சதவீதம் இதுவேதான் என்று தோன்றுகிறது. சாம்பலில் எரியாமல் தங்கிய கார்பனையும் கழியுங்கள். யூனிட்டுக்கு எவ்வளவு என்று வகுக்கும்போது, நிலையம் தானே செலவழித்தது போக வெளியே அனுப்பிய நிகர யூனிட்டால் வகுக்க வேண்டும்.

ஒரு தந்தை, தென்காசி: மகள் புள்ளியியல் படிக்கிறாள். இந்தப் பயிற்சிக்கு அவளை எடுப்பார்களா? ஆபத்து ஏதும் உண்டா?

புள்ளியியல் மாணவி இந்த வேலைக்கு நன்றாகவே பொருந்துவார். கல்லூரியின் போனஃபைடு சான்றிதழோடு, துறைத் தலைவர் கடிதத்தை வட்ட மேற்பார்வைப் பொறியாளருக்கு பிப்ரவரியிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். கட்டணம் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தத் துணை மின் நிலையம், எத்தனை ஃபீடர், எந்த 12 மாதம் என்று கடிதத்திலேயே எழுதினால் அனுமதி தருபவருக்கும் எளிது. வாடிக்கையாளர் பெயரும் இணைப்பு எண்ணும் வேண்டாம், ஃபீடர் கூட்டுத்தொகை போதும் என்பதையும் சேர்க்கட்டும்.

வேலை பெரும்பாலும் நாற்காலியில்தான். யார்டுக்குள் (துணை மின் நிலையத்தின் கருவிகள் நிற்கும் வெளி) போகும் நாளில் அங்குள்ள பொறியாளரோடு மட்டும் போகட்டும். ஷூ, ஹெல்மெட், பருத்தி உடை. மே வெயில் என்று உள்ளே குடை விரிக்கக் கூடாது. மேலே ஓடும் கம்பியைக் கையை உயர்த்திக் காட்டவும் கூடாது, வாயால் சொன்னால் போதும்.