வியட்நாம் போர் நடந்தபோது வந்த கோமர் பைல் தொடரில் போரே இல்லையே, ஏன்?

கேள்வி நியாயமானதுதான். மரைன் படையில் (அமெரிக்க ராணுவத்தின் ஒரு பிரிவு, சுருக்கமாக யு.எஸ்.எம்.சி.) சேர்ந்த கோமர் என்ற இளைஞனைப் பற்றிய நகைச்சுவைத் தொடர் 'கோமர் பைல், யு.எஸ்.எம்.சி.' அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1964 முதல் 1969 வரை ஓடியது. அதே ஆண்டுகளில்தான் நிஜ மரைன் வீரர்கள் வியட்நாமில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் கோமர் கலிபோர்னியாவில் உள்ள ஒரு கற்பனை முகாமை விட்டுப் போர்முனைக்குப் போகவே இல்லை.

காரணம் அந்தப் பாத்திரத்திலேயே இருக்கிறது. இதற்கு முன் வந்த 'தி ஆண்டி கிரிஃபித் ஷோ' தொடரில் மேபெரி என்ற சிற்றூரின் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்த வெள்ளந்திப் பையன்தான் கோமர். ஜிம் நேபர்ஸ் நடித்தார். யார் என்ன சொன்னாலும் அப்படியே நம்புகிறவனைப் போர்க்களத்தில் நிறுத்தினால் சிரிப்பு வராது, பயம்தான் வரும். அதனால் மோதல் முழுவதும் அவனுடைய மேலாளான சார்ஜென்ட் கார்ட்டரோடு மட்டும். கார்ட்டராக வந்த ஃபிராங்க் சட்டன்தான், என் பார்வையில், தொடரின் உயிர். தொண்டை கிழியக் கத்துவார், அடுத்த நொடியே இந்தப் பையனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தவிப்பார். அந்தத் தவிப்பு இல்லாவிட்டால் வெறும் கூச்சல்தான் மிஞ்சியிருக்கும். சட்டன் இரண்டாம் உலகப் போரில் நிஜமாகவே ராணுவத்தில் இருந்தவர்.

போரை மறைத்தது தப்பு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளையை ராணுவத்துக்கு அனுப்பிய குடும்பங்களும் பார்த்த தொடர் அது. மரைன் படையினரும் கோபப்படவில்லை. 2001-இல் நேபர்ஸைக் கௌரவ மரைன் ஆக்கினார்கள், அப்புறம் பதவி உயர்வும் கொடுத்தார்கள்.