அடைப்புக்குறிக்குள் நான்கு கடிதங்கள்

வாசகர் கேள்வி (சுருக்கப்பட்டது):

என் அக்கா 22 வயதில் கொலை செய்யப்பட்டாள். 27 வருடங்கள் ஆகின்றன. வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பியவள் வந்து சேரவில்லை. மறுநாள் காலையில் உடல்தான் கிடைத்தது. வழிப்பறிக்காரன் வேலை என்று கொஞ்ச நாள் தேடினார்கள். பிறகு ‘குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று மூடிவிட்டார்கள். எனக்கு அப்போது 13 வயது. போலீஸ் அக்கறையாக விசாரித்திருந்தால் அன்றே பிடித்திருக்கலாம் என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். (அக்காவுக்கு வந்த நாலு கடிதங்களை மட்டும் போலீஸ் வருவதற்கு முன்பே அப்பா எடுத்து வைத்துவிட்டார். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்றுதான். அவை இன்னும் அம்மாவின் பீரோவில் ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கின்றன.) இப்போது டி.என்.ஏ. சோதனையால் பழைய வழக்குகள் துலங்குவதாகப் படிக்கிறேன். வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லலாமா? அம்மாவுக்கு 70 வயது, பழைய புண்ணைக் கிளறாதே என்கிறார் கணவர். என் மனம் நிம்மதியடைய ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

உங்கள் நிம்மதியை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த அடைப்புக்குறியைப் பார்ப்போம்.

முழுக் கடிதத்தில் இரண்டு பக்கம் போலீஸ் மேல் புகார் இருக்கிறது. ஒரு பத்தி டி.என்.ஏ. பற்றி இருக்கிறது. கொலையுண்ட பெண்ணுக்கு வந்த நான்கு கடிதங்களை அவளுடைய அப்பாவே ஒளித்துவைத்தார் என்ற செய்திக்கு மட்டும் அடைப்புக்குறி போட்டிருக்கிறீர்கள். இன்னொன்றும் கவனித்தேன். அவற்றை யார் எழுதியது என்று நீங்கள் சொல்லவில்லை. ‘யாரோ எழுதியவை’ என்றும் சொல்லவில்லை. பெயர் உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஒரு இளம்பெண் கொல்லப்பட்டால் விசாரணையின் முதல் கேள்வி, அவளுக்கு யார் யார் பழக்கம், கடைசி இரண்டு நாட்களில் யாரைப் பார்த்தாள், யாரோடு பேசினாள் என்பதுதான். இது அவள் நடத்தையைத் துருவுகிற கேள்வி இல்லை. 2023இல் உலகம் முழுக்கக் கொல்லப்பட்ட பெண்களிலும் சிறுமிகளிலும் சுமார் 60 சதவீதம் பேர் துணைவர் அல்லது குடும்பத்தார் கையால் இறந்தவர்கள் என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது. அதனால்தான் அறிந்தவர்களிலிருந்து தொடங்கி அந்நியர்களை நோக்கிப் போகிறார்கள். உங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு ‘அப்படி யாரும் இல்லை’ என்றுதான் பதில் போயிருக்க வேண்டும். அதன் பிறகு வழிப்பறிக்காரனைத் தேடாமல் வேறு யாரைத் தேடுவார்கள்? போலீஸ் செய்த தவறுகள் இருக்கலாம். ஆனால் அவர்களைத் தவறான திசையில் அனுப்பியதில் உங்கள் வீட்டு வாசலுக்கும் பங்கு இருக்கிறது.

போய்ச்சேர்ந்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. உங்கள் அக்கா யாரையாவது விரும்பியிருந்தால் அது குற்றமில்லை. அவளைக் கொன்றதுதான் குற்றம். குற்றமில்லாததை மறைக்கப்போய், குற்றத்தைத் தேடுகிற வழியை உங்கள் அப்பா அடைத்துவிட்டார். பயத்தில், துக்கத்தில், ஒரு காலை நேரத்தில் செய்தது, சரி. அடுத்த வாரம் கொடுத்திருக்கலாம். அடுத்த வருடம் கொடுத்திருக்கலாம். மகளின் பெயரைக் காப்பாற்றினேன் என்று அவர் நம்பியிருக்கக்கூடும். காப்பாற்றப்பட்டது வீட்டின் பெயர். 13 வயதில் உங்களை யாரும் குறை சொல்ல முடியாது. இப்போது உங்களுக்கு 40 வயது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கடிதம் எழுதியவன்தான் கொலைகாரன் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அவன் குற்றமற்றவனாக இருந்தால், அவளுக்கு யாரால் தொல்லை இருந்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவனாக இருக்கலாம். அவனை யாருமே கேட்கவில்லை.

டி.என்.ஏ. பற்றிக் கேட்டீர்கள். இந்தச் சோதனை கொலை வழக்கில் முதன்முதலாகப் பயன்பட்ட கதையே உங்களுக்குப் பதில். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் 1983இலும் 1986இலும் 15 வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். ஒரு 17 வயதுப் பையன் ஒரு கொலையை ஒப்புக்கொண்டுவிட்டான். 1984இல் டி.என்.ஏ. ரேகையைக் கண்டுபிடித்த அலெக் ஜெஃப்ரீஸ் சோதித்துப் பார்த்து, அவன் இல்லை என்றார். சுற்றுவட்டார ஆண்கள் ஆயிரக்கணக்கானோரிடம் ரத்தம் எடுத்தார்கள், யாரும் பொருந்தவில்லை. காரணம், கொலைகாரனான காலின் பிட்ச்ஃபோர்க் தனக்குப் பதிலாகக் கூட வேலை பார்த்தவரை அனுப்பியிருந்தான். அந்த ஆள் மதுக்கடையில் உளறியதைக் கேட்ட ஒரு பெண் போலீசிடம் சொன்னார். 1988இல் தண்டனை கிடைத்தது. அறிவியல் ஒரு அப்பாவியைக் காப்பாற்றியது, குற்றவாளியை உறுதி செய்தது. நடுவில் ஒரு மனிதர் வாய் திறக்க வேண்டியிருந்தது.

ஆக, சோதனைக்கு இரண்டு வேண்டும்: அன்று எடுத்த தடயம் கெடாமல் இருக்க வேண்டும், ஒப்பிட ஓர் ஆள் வேண்டும். கலிஃபோர்னியாவில் 1970களிலும் 80களிலும் பலரைக் கொன்ற ஜோசஃப் டிஏஞ்சலோ 2018இல் தூரத்து உறவினர்களின் மரபணு வழியாகச் சிக்கியதும், பழைய மாதிரி பாதுகாக்கப்பட்டிருந்ததால்தான். உங்கள் வழக்கில் முதல் விஷயம் போலீஸ் கையிலும் நீதிமன்றத்தின் கையிலும் இருக்கிறது. இரண்டாவது, உங்கள் அம்மாவின் பீரோவில் இருக்கலாம்.

அந்தக் காகிதங்களில் என்ன மிஞ்சியிருக்கும்? நிறையவே. நாக்கால் நனைத்து ஒட்டிய உறையின் மடிப்பிலும் தபால்தலையின் பின்பக்கத்திலும் உமிழ்நீர் காய்ந்து கிடக்கும், அதிலிருந்து டி.என்.ஏ. எடுக்கலாம். இன்றைய சோதனைக்கு ஒரு நானோகிராமுக்கும் குறைவாகக் கிடைத்தால் போதும். வியர்வையிலுள்ள அமினோ அமிலங்கள் காகித நாரில் ஒட்டிக்கொள்வதால், பல வருடம் கழித்தும் நின்ஹைட்ரின் என்ற ரசாயனத்தைத் தெளித்தால் விரல்ரேகை ஊதா நிறத்தில் எழும்பும். தண்ணீர் பட்ட காகிதத்தில் இது வேலை செய்யாது, அமிலங்கள் கரைந்து போயிருக்கும். வேறு முறைக்குப் போக வேண்டும். மேலே வைத்து எழுதிய இன்னொரு தாளின் அழுத்தம் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருந்தால் அதையும் மின்னேற்றத்தால் படிக்கிறார்கள். அதை ரசாயனம் படுவதற்கு முன்பே செய்தாக வேண்டும். எனவே நீங்களாக எந்தத் தனியார் சோதனைக்கும் கொடுக்காதீர்கள். வரிசை மாறினால் தடயம் போய்விடும். யார் கை மாறி எங்கே போனது என்ற சங்கிலி அறுந்தால் நீதிமன்றத்தில் அது வெறும் காகிதம்.

எல்லாவற்றையும் விட அஞ்சல் முத்திரை. எந்த ஊர், எந்தத் தேதி என்று அதில் இருக்கும். கடைசிக் கடிதத்துக்கும் அவள் இறந்த நாளுக்கும் எத்தனை நாள் இடைவெளி என்பது வழக்கின் போக்கையே மாற்றலாம். உறைகளையும் அப்பா சேர்த்து வைத்தாரா, உள்ளே இருந்த தாள்களை மட்டுமா என்று முதலில் பாருங்கள்.

பார்ப்பதற்கும் முறை உண்டு. புதிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முகமூடியும் போடுங்கள், பேசும்போது தெறிக்கும் எச்சிலும் டி.என்.ஏ.தான். சுத்தமான வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் வையுங்கள். எப்படி மடிந்திருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். படித்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு புரிகிறது, படிக்காதீர்கள். பிளாஸ்டிக் பைக்குள் ஈரம் தேங்கிப் பூஞ்சை வளரும், அது டி.என்.ஏ.வைச் சிதைக்கும். காய்ந்து தனித்தனியாக வந்தால் ஒவ்வொன்றையும் தனிக் காகித உறையில் போடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள். பையோடு ஒரு காகித உறைக்குள் வையுங்கள். அந்தப் பழைய பையையும் வீசாதீர்கள். உறைமேல் எழுத வேண்டியதைக் காகிதம் உள்ளே போகும் முன்பே எழுதுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பேனா அழுத்தம் உள்ளே பதியும். உறையை நாக்கால் நனைத்து ஒட்டாதீர்கள். ஸ்டேப்ளர், செல்லோடேப், லேமினேஷன், ஃபிரிட்ஜ் எதுவும் வேண்டாம். வெயில் படாத உலர்ந்த இடம் போதும். வெளிப்பக்கத்தை மட்டும் உங்கள் கைப்பேசியில் படம் எடுங்கள். அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டீர்களானால் இவ்வளவு செய்ததும் வீண்.

அதே நாளில் தனியாக உட்கார்ந்து உங்கள் வாக்குமூலத்தை எழுதுங்கள். அம்மாவோடு பேசுவதற்கு முன், பழைய செய்தித்தாள் துண்டுகளைப் புரட்டுவதற்கு முன். இருவர் கூடிப் பேசினால் இருவர் நினைவும் ஒன்றாகக் கலந்துவிடும், பிறகு எது யாருடையது என்று பிரிக்க முடியாது. நீங்களே கண்டது, பிறர் சொல்லிக் கேட்டது, ஊகம் என்று தனித்தனியாக எழுதுங்கள். கடிதங்களை அப்பா எங்கிருந்து எடுத்தார், யார் பார்த்தார்கள், இத்தனை வருடத்தில் யார் யார் தொட்டார்கள், உங்களுக்கு இது எப்போது தெரிந்தது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதக் கூச்சமாக இருக்கும். எழுதுங்கள். உங்களிடமும் அம்மாவிடமும் விரல்ரேகையும் கன்னத்தின் உட்புற மாதிரியும் கேட்பார்கள். சந்தேகத்தினால் இல்லை, வீட்டார் தடத்தைக் கழித்துப் பார்க்க. அப்பாவின் சீப்பு, சவரக்கத்தி, மூக்குக்கண்ணாடி ஏதாவது இருந்தால் கழுவாமல் எடுத்து வையுங்கள்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? முதலில் கடிதங்களைப் பத்திரப்படுத்துங்கள், அன்று மாலையே சொல்லுங்கள். முன்கூட்டி அனுமதி கேட்டால் ஒரு தீக்குச்சியில் எல்லாம் முடிந்துவிடலாம். அவருக்குத் தெரியாமலே கொடுத்துவிடுவதும் துரோகம். ஒருநாள் போலீஸ் வாசலில் வந்து நிற்கும்போது அவர் அதைத் தெரிந்துகொள்ளக்கூடாது. 70 வயது என்பதை உங்கள் கணவர் விட்டுவிடுவதற்குக் காரணமாகச் சொல்கிறார். எனக்கு அதுவே அவசரப்படுவதற்குக் காரணம். அந்தக் காலையில் வீட்டில் நடந்ததைச் சொல்லக்கூடிய ஒரே பெரியவர் அவர்தான். மறைத்ததற்கு அம்மா மேல் நடவடிக்கை வருமோ என்று பயமிருந்தால், குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை ஒருமுறை பார்த்துப் பேசிவிட்டு, அவரைக் கூட வைத்துக்கொண்டு கொடுங்கள்.

கடிதம் எழுதியவரைத் தேடிப் போகாதீர்கள். அவர் முகநூல் பக்கத்தைக்கூடப் பார்க்காதீர்கள். குற்றவாளியாக இருந்தால் எச்சரித்ததாகிவிடும். இல்லையென்றால் ஒரு குடும்பத்தை நாசமாக்கியதாகிவிடும். பழைய வழக்குகளில் காலம் சில சமயம் உதவவும் செய்யும். அன்று அவருக்காகப் பொய் சொன்ன நண்பரோ மனைவியோ இன்று அவரோடு இல்லாமல் இருக்கலாம். அவர்களைக் கேட்பது விசாரணை அதிகாரியின் வேலை.

காவல் நிலைய வாசலில் இருப்பவரிடம் உறைகளை நீட்டிவிட்டு வராதீர்கள். வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு மேலதிகாரிக்கு எழுத்தில் மனு கொடுங்கள். அதிலேயே நான்கு விஷயங்களைக் கேளுங்கள். அக்காவின் உடைகள், நகத் துணுக்குகள், உடலிலிருந்து எடுத்த மாதிரிகள் இப்போது எங்கே இருக்கின்றன: நிலையத்திலா, நீதிமன்றத்திலா, ஆய்வகத்திலா? அவை எப்போதாவது டி.என்.ஏ. சோதனைக்குப் போயினவா, மிச்சம் இருக்கிறதா? சம்பவ இடத்தில் யாருடையது என்று தெரியாத விரல்ரேகை எடுக்கப்பட்டதா? இப்போது கோப்புக்குப் பொறுப்பு யார்? தடயப் பொருள் எதையும் அழிக்கக் கூடாது என்ற கோரிக்கையையும் தனி வரியாகச் சேருங்கள். பழைய வழக்குகள் பாதி சாவது இங்கேதான்: கிடங்கில் தண்ணீர் புகும், சீட்டு உதிரும், இடம் போதவில்லை என்று மூட்டையோடு அகற்றுவார்கள்.

கிடைக்காமலும் போகலாம். உடைகள் அழிந்திருந்து, உறைகளில் எதுவும் தேறாமல், எழுதியவர் இறந்தும் போயிருக்கலாம். அப்போதும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவை உங்கள் வீட்டுச் சொத்து இல்லை.

கடிதங்களை ஒப்படைக்கும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டுக் கைப்பற்றல் பட்டியல் எழுதச் சொல்லுங்கள். ‘பழைய கடிதங்கள் 4’ என்று ஒரே வரியில் எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் விழுந்து உங்கள் கைக்கு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள்.