உலகப் புவியியலை ஆன்லைனில் நடத்துவது எப்படி? கேள்விகளும் பதில்களும்

பல வருடம் வகுப்பறையில் நடத்திவிட்டு, 2020 முதல் ஆன்லைனில் 9 முதல் 12 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு உலகப் புவியியல் சொல்லித் தருகிறேன். இப்போது என் சனிக்கிழமை வகுப்பில் சென்னை, தென்காசி, ஷார்ஜா, சிங்கப்பூர், டொரண்டோ என்று ஐந்து ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

பள்ளி ஆசிரியை, மதுரை: பிபிடி போட்டு நாற்பது நிமிடம் நடத்துகிறேன் டீச்சர். பத்தாவது நிமிடத்திலேயே பிள்ளைகள் மனசு வேறெங்கோ போய்விடுகிறது. யாரும் கேமராவும் போடுவதில்லை.

பேச்சைப் பாதியாகக் குறைத்துவிட்டு அவர்கள் கைக்கு வேலை கொடுங்கள். என் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு அச்சு அட்லஸ், ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வெற்று உலக மேப், பென்சில், ஒரு சிவப்புப் பேனா, இவ்வளவும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஆரம்பித்தவுடன், “அட்லஸை மூடுங்கள். ஒரு நிமிடத்தில் ஆப்பிரிக்காவை வரையுங்கள்” என்பேன். முகத்தைக் காட்டத் தயங்கும் பிள்ளைகூட அந்தத் தாளைக் கேமரா முன் தூக்கிக் காட்டிவிடும். பெரும்பாலும் மேற்கே புடைத்து நிற்கும் பகுதி இருக்காது, மடகாஸ்கர் காணாமல் போயிருக்கும். அப்புறம் அட்லஸைத் திறந்து, தப்பான இடத்தை அவர்களே சிவப்புப் பேனாவால் திருத்துவார்கள். திருத்தும்போதே கேள்விகள் வரும். “இந்தப் புடைப்பு அங்கே பிரேசில் பக்கம் பொருந்துகிற மாதிரி இருக்கே டீச்சர்” என்று ஒரு பையன் தானாகச் சொன்ன அன்று, கண்டங்கள் நகர்ந்து பிரிந்த பாடத்தை அங்கிருந்தே தொடங்கினேன். பிபிடியைத் திறக்கவே இல்லை.

ஒன்பதாம் வகுப்பு மாணவியின் அப்பா, சேலம்: போனில் பார்க்கும் மேப்பில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறது. அது தப்பு என்று சொன்னால் மகள் நம்ப மாட்டேன் என்கிறாள்.

நம்பாதது நல்லதுதான், அவளே கண்டுபிடிக்கட்டும். கிரீன்லாந்து சுமார் 21.6 லட்சம் சதுர கிலோமீட்டர், ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி. கிட்டத்தட்ட பதினான்கு மடங்கு. போனில் தெரியும் மேப், 1569-இல் மெர்கேட்டர் என்ற வரைபட வல்லுநர் கப்பலோட்டிகளுக்காக வரைந்த முறை. திசை மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத் துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை இழுத்துப் பெரிதாக்கிவிடும்.

எண்ணைச் சொல்வதைவிட ஒரு கால்பந்தும் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். பந்தில் துபாய்க்கு ஒரு புள்ளி, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஒரு புள்ளி. இரண்டும் பூமியின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கத் தீர்க்கக்கோடுகளில் இருக்கின்றன, இரண்டுமே வடக்கு அரைக்கோளம். நூலை இழுத்துப் பிடித்தால் அது அட்லாண்டிக் பக்கம் போகாது, நேரே வட துருவத்தை ஒட்டி ஏறி இறங்கும். தட்டையான மேப்பில் அதே இரண்டு ஊரையும் ஸ்கேலால் இணைக்கச் சொல்லுங்கள். இரண்டு கோடும் இவ்வளவு வேறாக இருப்பதைப் பார்த்த பிறகு அவளுக்கு நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்காது.

ஒரு அம்மா, கோயம்புத்தூர்: என் மகன் எல்லா நாட்டுத் தலைநகரும் ஒப்பிப்பான். ஆனால் தேர்வில் காரணம் எழுதச் சொன்னால் திணறுகிறான்.

அவன் மனப்பாடத்தை வீணாக்காதீர்கள் அம்மா, அதையே பிடித்துக்கொண்டு மேலே போகலாம். இடம் மாறிய தலைநகரங்களை மட்டும் எடுங்கள். பிரேசில் 1960-இல் ரியோவை விட்டு உள்நாட்டில் பிரேசிலியாவுக்குப் போனது. நைஜீரியா 1991-இல் லாகோஸிலிருந்து நாட்டின் நடுவே அபுஜாவுக்கு. இந்தோனேசியா ஜகார்த்தாவுக்குப் பதிலாக போர்னியோவில் நுசந்தாராவைக் கட்டிக்கொண்டிருக்கிறது. “கடற்கரையில் இருந்ததை ஏன் எடுத்தார்கள்?” என்று மட்டும் கேளுங்கள். ஜகார்த்தா நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி அமிழ்ந்துகொண்டிருப்பது வரைக்கும் அவனே போய்ச் சேருவான்.

பி.எட். மாணவி, திருச்சி: கடல் நீரோட்டங்கள் பாடம் நடத்திக் காட்ட வேண்டும் மேடம். அம்புக்குறி போட்ட படத்தைத் தாண்டி எதுவும் தோன்றவில்லை.

அம்புக்குறிப் படத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் இரண்டு ஊரைக் காட்டுங்கள்: சென்னை, பெரு நாட்டின் தலைநகர் லிமா. ஒன்று நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில், மற்றது தெற்கே 12 பாகையில். இரண்டும் பெரிய நகரம், இரண்டும் கடற்கரை. சென்னையில் வருடத்துக்கு 140 சென்டிமீட்டர் வாக்கில் மழை, லிமாவிலோ ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். “கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏன் இப்படி?” என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். ஆன்லைனில் அந்த மௌனம் நமக்குத்தான் சங்கடம். பிள்ளைகளுக்கு அந்த நேரம் வேண்டும்.

அப்புறம் ஹம்போல்ட் நீரோட்டத்தைக் கொண்டு வாருங்கள். தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரும், அடியிலிருந்து மேலே வரும் குளிர்ந்த நீரும் கடலை ஒட்டிய காற்றைக் குளிர்வித்துவிடும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்ட மாதிரி நிற்கும். கீழ்க்காற்று மேலே எழாது, எழாவிட்டால் மழை இல்லை. கிழக்கே அமேசான் பக்கத்து ஈரத்தை ஆண்டீஸ் மலை மறித்துவிடுகிறது. கிடைப்பதெல்லாம் மூடுபனிதான். லிமாவின் ஓரத்துக் குன்றுகளில் குடியிருப்பவர்கள் பெரிய வலைகளைக் கட்டி அந்தப் பனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்க்கிறார்கள். அந்த வலையின் படத்தைக் காட்டிய நாளில் என் வகுப்பில் மணி முடிந்தும் யாரும் போகவில்லை. அதே குளிர்ந்த நீரில்தான் நெத்திலி இனமான ஆன்சோவி கோடிக்கணக்கில் பெருகுகிறது என்பதையும், எல் நினோ வருடத்தில் கடல் சூடாகி வடக்குப் பெருவில் வெள்ளம் வருவதையும் அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு ஆசிரியர், விழுப்புரம்: உலக வணிகத்தைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் “நமக்கு என்ன சார்” என்கிறார்கள்.

அவர்கள் வீட்டு அடுக்களையிலேயே வணிகம் இருக்கிறது. சாம்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். துவரம்பருப்பு நம் நாட்டு விளைச்சல் போதாமல் மொசாம்பிக், தான்சானியா, மியான்மரிலிருந்தும் வருகிறது. தாளிக்கப் பாமாயில் என்றால் இந்தோனேசியா, மலேசியா. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை, கடல் வழியே இங்கே வந்து வேரூன்றியவை.

நான் அதிக நேரம் செலவழிப்பது பெருங்காயத்துக்கு. நம் வீட்டில் அது இல்லாத நாளே இல்லை, ஆனால் காலங்காலமாக ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்துதான் வாங்கிக்கொண்டிருக்கிறோம். குளிர்ந்த, வறண்ட மலைப் பாலைவனத்தில் வளரும் செடி அது. வேரைக் கீறினால் வடியும் பாலை உறைய வைத்து எடுக்கிறார்கள். 2020 அக்டோபரில்தான் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் நட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். “ஊட்டியும் குளிர்தானே, அங்கே ஏன் நடவில்லை?” என்று ஒரு பெண் கேட்டாள். ஊட்டியின் மழையளவையும் லாஹௌல் மழையளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வைத்தேன். மழை மறைவுப் பிரதேசம் (மலை மழையை மறிப்பதால் வறண்டு கிடக்கும் பகுதி) என்ற சொல்லை அவள் இனி மறக்க மாட்டாள். பிள்ளைகளை வெற்று மேப்பில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கோடு இழுத்து இரவு சாப்பாட்டின்போது வீட்டில் காட்டச் சொல்லுங்கள்.

ஆசிரியர், யாழ்ப்பாணம்: ரீச்சர், நாங்கள் அகலாங்கு, நெட்டாங்கு என்று படிப்பிக்கிறோம். உங்கள் பாடங்களில் அட்சம், தீர்க்கம் என்று வருகிறது. பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுங்கள். பெயரிலேயே அகலமும் நெடுக்கும் இருப்பதால் உங்கள் சொற்கள் எனக்கு நடத்த எளிதாக இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் முதல் வகுப்பில் அவற்றைச் சொல்லிவிட்டுத்தான் அட்சம், தீர்க்கத்துக்கு வருகிறேன். தேர்வில் மட்டும் அவரவர் பாடநூல் சொல்லையே எழுதட்டும்.

பல பேர்: வெளிநாட்டு இணையதளங்களில் இந்திய எல்லை வேறு மாதிரி இருக்கிறதே?

இந்திய மாணவர்கள் எழுதுவதற்கு சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தை மட்டும் கொடுங்கள். வேறு மேப்பைத் திரையில் காட்ட நேர்ந்தால், எல்லை வேறு விதமாக இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியை, தர்மபுரி: பாதிப் பிள்ளைகள் வீட்டில் ஒரே போன்தான், அதுவும் அப்பா வேலையிலிருந்து வந்த பிறகு. கூகுள் எர்த்தெல்லாம் ஓடாது.

ஓட வேண்டாம். முந்தின நாள் இரவே ஒரு மேப் படத்தையும் இரண்டு நிமிட ஆடியோவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். “படத்தில் நைல் ஆற்றைக் கண்டுபிடி. கடல் எந்தப் பக்கம்? ஆறு எந்தப் பக்கமாக ஓடுகிறது?” என்று ஆடியோவிலேயே கேளுங்கள். பதிலைத் தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். நேரலையில் வர முடியாத பிள்ளைக்கு வருகை மறுக்காதீர்கள். உங்கள் போனில் நல்ல இணைப்பு இருந்தால், கூகுள் எர்த்திலோ எர்த் நல்ஸ்கூல் காற்று வரைபடத்திலோ நீங்கள் பார்த்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள், இரண்டும் இலவசம். ஜூலை மாதக் காற்று சோமாலியா கரையோரம் வளைந்து நம் பக்கம் திரும்பும் ஒரே ஒரு படம் தென்மேற்குப் பருவக்காற்றுக்குப் போதும்.

பயிற்சி மைய ஆசிரியர், சென்னை: ஆன்லைன் டெஸ்டில் எல்லோரும் பார்த்து எழுதுகிறார்கள்.

பார்த்து எழுதினாலும் தப்பில்லாத கேள்வியாகக் கேளுங்கள். “உன் வீட்டுச் சாமான் ஒன்று எந்தத் துறைமுகம் வழியாக வந்திருக்கும்? காரணத்தோடு சொல்” என்றால் ஒருவர் விடை மற்றவருக்கு உதவாது.

ஒரு அம்மா, ஷார்ஜா: என் மகள் உங்கள் வகுப்பில்தான் இருக்கிறாள். செப்டம்பர் 23-க்கு ஒரு மீட்டர் குச்சி வேண்டும் என்கிறாள். எதற்கு டீச்சர்?

அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும். ஐந்து ஊர்ப் பிள்ளைகளும் ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தில் அளக்க வேண்டும். சிங்கப்பூரில் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான் வரும். தென்காசியில் 16, சென்னையில் 23, ஷார்ஜாவில் 47, டொரண்டோவில் 95. அந்த எண்களிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊரின் அட்சத்தைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் நிழலை வைத்துத்தான் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார்.

நேரத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். சென்னையில் 12 மணியை ஒட்டி வரும் உச்சி, சிங்கப்பூரில் ஒரு மணியை ஒட்டித்தான் வரும். 1982-இல் மலேசியாவோடு சேர்ந்து அவர்கள் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததும் ஒரு காரணம். நேர மண்டலம் மனிதர் போட்ட கோடு என்பதைப் பிள்ளைகள் அன்று தங்கள் அளவுகளிலேயே பார்ப்பார்கள்.

அதே அம்மா: எங்களுக்கு மொட்டை மாடி கிடையாது. பால்கனிதான், அதுவும் வடக்குப் பார்த்தது.

வடக்குப் பால்கனியில் அன்று உச்சி வெயில் விழாது அம்மா. கீழே கார் பார்க்கிங்கில் வெயில் படும் இடமாகப் பாருங்கள். குச்சி சாயாமல் இருக்க ஒரு டப்பாவில் மணல் நிரப்பி நட்டு, மணல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் வருமாறு அளந்துகொள்ளுங்கள். டப்பாவின் உயரத்துக்கே ஒரு அட்டையை வைத்து நிழலை அதில் விழ விடுங்கள், தரையில் விழுந்தால் கணக்கு மாறிவிடும். 11:50-லிருந்து 12:30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்தால் போதும். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கட்டாயம் கொடுத்து அனுப்புங்கள்.