கண்மாய் மீன் குத்தகைச் சண்டையில ஊரே ரெண்டா நிக்குது, இதை எப்படித் தீர்க்கிறது?

மீனை ஏலம் எடுத்தவருக்கும் கண்மாய்த் தண்ணி பாயிற ஆயக்கட்டு நிலத்து விவசாயிகளுக்கும் தகராறு, ரெண்டு தடவை கூட்டம் போட்டும் முடியலன்னு கேட்டிருக்கீங்க. எங்க ஊரு சிவகங்கை பக்கம், நாங்க இதே சண்டையில ஒரு வருசம் நாசமாப் போனோம், அதனால நடந்ததை அப்படியே சொல்றேன்.

தை மாசம், நெல்லு பால் பிடிக்கிற நேரம், இன்னும் ரெண்டு தண்ணி பாய்ச்சுனா கரை சேர்ந்துரும். ஒரு நாள் விடியக்காலைல பாத்தா மடை திறந்து கிடக்கு, ராத்திரி பூரா ஓடுன தண்ணி ஓடைக்குப் போயிருச்சு. ஏலம் எடுத்தவருக்கு பங்குனியோட குத்தகை முடியுது, தண்ணி வத்துனாத்தான் வலை போட்டு மீனை அள்ள முடியும், அதான் திறந்துட்டாரு. கரையில கூட்டம் கூடி அருவாளோட நின்னு, போலீஸ் வந்து, தாசில்தார் ஆபீஸ்ல அமைதிப் பேச்சுவார்த்தை ரெண்டு தடவை. ரெண்டுலயும் யாரு யாரை என்ன சொல்லித் திட்டுனாங்கங்கிறதுதான் பேச்சு, தண்ணியைப் பத்தி ஒருத்தரும் பேசல. அதைவிடப் பெரிய தப்பு, கடைமடையில நிலம் வச்சிருக்கிற காலனிக்காரங்களை ரெண்டு கூட்டத்துக்கும் கூப்பிடவே இல்ல. தண்ணி குறைஞ்சா மொதல்ல காயிறது அவங்க வயலு. அவங்க இல்லாம போடுற ஒப்பந்தம் எப்படிங்க நிக்கும்?

மூணாவது தடவை எங்க நீர்பாய்ச்சி தாத்தாதான், அதாவது மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணி விடுறவர்தான், சாவடியில வேணாம், எல்லாரும் மடைக்கு வாங்கன்னு கூப்பிட்டாரு, இந்தத் தடவை காலனியில இருந்தும் வந்தாங்க. அங்க நின்னு பேசும்போதுதான் ஏலம் எடுத்தவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கறது எங்களுக்குத் தெரிஞ்சது. கடைசித் தண்ணியை நாங்க டீசல் இஞ்சின் வச்சு உறிஞ்சிருவோம், சேறாப் போன தண்ணியில மீன் செத்து மிதக்கும், அவரு போட்ட காசு போயிரும். தாத்தா முழங்கால் தண்ணியில எறங்கி மடைக்கல்லுல கையை வச்சு, இதுக்கு மேல இருக்கிறது பயிருக்கு, கீழ இருக்கிறது மாட்டுக்கும் மீனுக்கும்னு சொன்னாரு. அந்த எடத்துல அப்பவே செவப்பு பெயிண்ட்ல கோடு போட்டோம். கோட்டுக்குக் கீழ இஞ்சின் வைக்கக் கூடாது, அறுப்பு முடியுற வரைக்கும் மீனுக்காக மடையைத் திறக்கக் கூடாது, பதிலுக்கு குத்தகையை சித்திரை வரைக்கும் நீட்டிக் குடுக்கறது. மடைக்கு ரெண்டு பூட்டு, ஒரு சாவி நீர்பாய்ச்சிகிட்ட, இன்னொண்ணு கடைமடைக்காரர் ஒருத்தர்கிட்ட. இதையெல்லாம் எழுதி அடுத்த ஏலத்துலயே நிபந்தனையாச் சேர்த்தோம். அந்த வருசம் ஏலத்தொகை குறைஞ்சது, சிலருக்கு வருத்தம்தான், ஆனா பயிரைக் காயவிட்டு வர்ற பணம் ஊருக்கு எதுக்குன்னு நான் இப்பவும் கேப்பேன்.

உங்க ஊர்லயும் மொதல்ல எந்தச் சண்டை எதுக்குன்னு பிரிச்சுக்கோங்க. தண்ணி, மீன், கரையில நிக்கிற மரம், கண்மாய்க்குள்ள தண்ணி நிக்கிற உள்வாய் மண்ணு, ஏலப் பணம் எல்லாத்துக்கும் ஆளும் வேற, உரிமையும் வேற, எல்லாத்தையும் ஒரே கூட்டத்துல கொட்டுனா எதுவும் முடியாது. கண்மாய் யாரு பொறுப்புல இருக்குன்னும் பாருங்க, பொதுவா ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம், அதுக்கு மேலன்னா நீர்வளத்துறை. இது தெரியாம தப்பான ஆபீஸ்ல மனு குடுத்துட்டு மாசக்கணக்கா அலையிறவங்களை நிறையப் பாத்திருக்கேன்.

ஏலப் பணம்தான் பிரச்சனைன்னா கிராம சபையில வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருசத்துக்கு ஆறு தடவை கூட்டம் இருக்கு. வாசிக்கலன்னா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கட்டணத்தோட மனு போடுங்க, 30 நாளுக்குள்ள பதில் வரணும். கணக்கு தெரியாததாலதான் பாதி சந்தேகமே வருது.

ஆனா யாராவது உள்வாய்க்குள்ள வரப்பு போட்டு ஆக்கிரமிச்சிருந்தா அதைப் பேசித் தீர்க்கப் போகாதீங்க. ஊரே சம்மதிச்சாலும் கண்மாய்ப் புறம்போக்கை ஒருத்தருக்கு விட்டுக்குடுக்க ஊருக்கு அதிகாரம் கிடையாது. பஞ்சாப்ல ஒரு ஊர்க் குளத்தை மேடாக்கி வீடு கட்டுன வழக்குலதான் 2011ல சுப்ரீம் கோர்ட், ஊர்ப் பொது நிலத்துல இருக்கிற ஆக்கிரமிப்பை எடுங்கன்னு எல்லா மாநிலத்துக்கும் உத்தரவு போட்டுச்சு, நம்ம மாநிலத்துல 2007லயே ஏரி குளங்களைப் பாதுகாக்க தனிச் சட்டமும் வந்தாச்சு. நிலம் என்ன வகைன்னு சொல்ற அ-பதிவேடும் எல்லை அளவு காட்டுற எஃப்எம்பி ஸ்கெட்சும் எடுத்துட்டு, சர்வேயரை வச்சு அளக்கச் சொல்லி கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு குடுத்து ரசீதை பத்திரமா வைங்க. கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தாலும் மொதல்ல கேக்கறது அந்த மனுவைத்தான்.

மத்தபடி மீன் தகராறுக்கு நேரா கோர்ட்டுக்குப் போயிராதீங்க, ஸ்டே வந்துட்டா ஏலமும் நின்னு போயிரும், ஊருக்கு வரவும் இருக்காது. அடுத்த கூட்டத்தை மடைகிட்ட போடுங்க, கடைமடைக்காரங்க வேலைக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி காலைல வைங்க, மடையில கை வச்சுப் பழகுன ஆளு ஒருத்தரை நடுவுல நிக்க வைங்க. போறப்ப ஒரு டப்பா பெயிண்டும் எடுத்துட்டுப் போங்க.