கீபோர்டு வாங்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெங்களூரில் பள்ளி திறக்கும் நேரம் என்பதால், வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கீபோர்டு வாங்குவது பற்றித்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். விலைகள் எல்லாம் சுமார்தான், கடைக்குக் கடை ஆயிரம் இரண்டாயிரம் மாறும்.

மகளுக்கு ஆறு வயது. 44 கீ உள்ள சின்ன கீபோர்டு மலிவாகக் கிடைக்கிறது. இப்போதைக்கு அதை வாங்கிக் கொடுத்துவிட்டு, ஆர்வம் இருந்தால் பெரியது வாங்கலாமா? – ராமமூர்த்தி நகர்

வேண்டாம். அதில் கீயின் அகலமே குறைவு. ஒரு கீயிலிருந்து இன்னொரு கீ எவ்வளவு தூரம் என்பதைக் கண் அல்ல, விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். சின்னதில் ஒரு வருடம் பழகிய குழந்தை பெரியதற்கு மாறும்போது, பழகியதை மறந்துவிட்டு மறுபடி தொடங்குகிறது. கை எட்டாதே என்று பயப்பட வேண்டாம். முதல் வருடம் முழுக்க ஐந்து விரலுக்கு ஐந்து கீதான்.

ஆர்வம் இருந்தால் பார்க்கலாம் என்கிறீர்கள். மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே சத்தம் தரும் கருவியில் எந்தக் குழந்தைக்கு ஆர்வம் நிற்கும்? முழு அளவு 61 கீ, டச் ரெஸ்பான்ஸ் (தொடும் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் கூடிக் குறைவது) கட்டாயம். கேசியோவில் சிடி-எஸ்200, சிடி-எஸ்300 இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். 200-ல் டச் ரெஸ்பான்ஸ் இல்லை, 300-ல் உண்டு. யமஹாவில் பிஎஸ்ஆர்-இ273-ல் இல்லை, இ373-ல் உண்டு. மூன்று நான்காயிரம்தான் வித்தியாசம். அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

சார், நல்ல கீபோர்டு ஒன்று சொல்லுங்க. அர்ஜென்ட். – (பெயரும் ஊரும் இல்லை)

யார் வாசிக்கப் போகிறார்கள், என்ன வயது, கர்நாடக இசையா சினிமாப் பாட்டா, எவ்வளவு பணம், வீட்டிலேயே இருக்குமா தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று எதுவுமே எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்? ஒவ்வொரு முறையும் இப்படிப் பத்துக் கடிதமாவது வருகிறது. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள். அதற்குள் கடைக்குப் போய்விடுவீர்கள் என்றால் 61 கீ, முழு அளவு, டச் ரெஸ்பான்ஸ். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஆன்லைனில் 49 கீ உள்ள ஒன்றை வாங்கினேன். யு.எஸ்.பி.யில் சொருகினால் விளக்கு எரிகிறது, சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் பழுதா? – எலெக்ட்ரானிக் சிட்டி

பழுதில்லை, அதில் ஸ்பீக்கரே கிடையாது. நீங்கள் வாங்கியது மிடி கன்ட்ரோலர். கம்ப்யூட்டரில் இருக்கும் சத்தத்தை வாசிக்க உதவும் கருவி அது. திருப்பிக் கொடுக்க இன்னும் நாள் இருந்தால் இன்றே கொடுங்கள். விற்பனைப் பக்கத்தில் முதல் வரியிலேயே அது எழுதியிருக்கும், அடுத்த முறை படித்துவிட்டு வாங்குங்கள்.

400 டோன் உள்ளது 16,000 ரூபாய். 800 டோன் உள்ளது 22,000. இரண்டிலும் டச் ரெஸ்பான்ஸ் உண்டு. இரண்டாவதுதானே லாபம்? – கே.ஆர். புரம்

எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். 1991-ல் வந்த ஜெனரல் மிடி என்ற தரப் பட்டியலிலேயே 128 டோன் (வாத்தியச் சத்தம்) உண்டு. எல்லா கம்பெனியும் அதை அப்படியே உள்ளே வைத்துவிட்டு, அதிலேயே கொஞ்சம் எதிரொலி கூட்டி, கொஞ்சம் மாற்றி எண்ணிக்கையை ஏற்றுகிறது. கற்றுக்கொள்பவர் பியானோ, எலெக்ட்ரிக் பியானோ, ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ், புல்லாங்குழல் தாண்டிப் போவது அபூர்வம். கடையில் இந்த ஐந்தை மட்டும் இரண்டிலும் வாசித்துப் பாருங்கள். பியானோ டோனில் ஒரு கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள். சத்தம் இயல்பாகத் தேய்ந்து அடங்குகிறதா, சட்டென்று அறுபடுகிறதா என்று கேளுங்கள்.

ஹார்மோனியம், சிதார், தபலா வேண்டும் என்றால் அது நியாயமான தேவை. அதற்கென்றே இந்திய மாடல்கள் இருக்கின்றன. கேசியோ சிடி-எக்ஸ்870ஐஎன், யமஹா பிஎஸ்ஆர்-ஐ500 இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். கஹர்வா, தாத்ரா போன்ற வடக்கத்தி தாளங்கள் நன்றாகவே இருக்கும். மிருதங்கமும் வேண்டும் என்றால் வாங்கும் முன் கேட்டுப் பாருங்கள்.

சிவாஜி நகர் பக்கம் ஒரு தேவாலயத்தில் தமிழ்ப் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறேன். எல்லாப் பாட்டையும் வெள்ளைக் கீயிலேயே அமையும் சி மேஜர், ஏ மைனர் ஸ்கேலில் பழகிவிட்டு, பாடுபவருக்கு ஏற்றபடி டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும் வசதி) போட்டுக்கொள்வேன். பழைய கீபோர்டில் அந்த பட்டன் வெளியே இருந்தது. புது மாடல்களில் மெனுவுக்குள் தேட வேண்டியிருக்கிறது. டிரான்ஸ்போஸ் வசதியாக உள்ள கீபோர்டு எது?

அந்த பட்டனுக்காகக் கீபோர்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இதைப் பல முறை எழுதியாகிவிட்டது. ஆனாலும் இந்த ஊரில் பஜனைக் குழு, பாடகர் குழு, மெல்லிசைக் குழு எங்கே போனாலும் நன்றாக வாசிக்கக்கூடிய பிள்ளைகள் சி மேஜரை விட்டு வெளியே வராமல் நிற்பதைப் பார்க்கிறேன். எனக்கு அது தாங்கவில்லை.

டிரான்ஸ்போஸ் போட்டதும் என்ன நடக்கிறது? விரல் சி-யில் இருக்கிறது, காதில் எஃப் ஷார்ப் கேட்கிறது. வருடக்கணக்கில் இப்படி வாசித்தால் கைக்கும் காதுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். ஒரு பாட்டைக் கேட்டதும் கை தானாகச் சரியான இடத்துக்குப் போக வேண்டும். அது உங்களுக்கு வராது. கிட்டார்காரர் "என்ன ஸ்கேல்?" என்று கேட்டால் உங்கள் பதிலும் அவர் கையும் பொருந்தாது. நேற்று டிரான்ஸ்போஸில் போட்ட மூன்றை ஜீரோவுக்குக் கொண்டுவர மறந்து, முதல் கார்டிலேயே (சில ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்துவது) மொத்தக் குழுவையும் தடுமாற வைத்தவர்கள் எத்தனையோ பேர். அப்புறம் ஒரு நாள் யாரோ நிஜமான பியானோ முன்னால் உங்களை உட்கார வைப்பார்கள். அதில் பட்டன் கிடையாது.

எஃப் ஷார்ப் கஷ்டம் என்று உங்களுக்கு யார் சொன்னது? கர்நாடக இசைக்காரர்கள் நாலரைக் கட்டை என்று சொல்வது அதைத்தான். அதை ஸ-வாக வைத்து மோகனம் வாசித்துப் பாருங்கள். எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், சி ஷார்ப், டி ஷார்ப். ஐந்து ஸ்வரமும் ஐந்து கறுப்புக் கீ. வெள்ளையைத் தொடவே வேண்டாம். என் வகுப்பில் கறுப்புக் கீயைக் கண்டு பயப்படும் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் கொடுப்பேன். அரை மணி நேரத்தில் பயம் போய்விடும்.

வழி இதுதான். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை எடுங்கள். அதையே ஜி-யில் வாசியுங்கள். அந்த ஸ்கேலுக்கு உரிய ஃபேமிலி கார்ட்ஸ் ஆறு: ஜி, ஏ மைனர், பி மைனர், சி, டி, ஈ மைனர். கை பழகியதும் எஃப், பிறகு டி, பிறகு ஏ. மாதத்துக்கு ஒரு ஸ்கேல் போதும். ஒரு வருடத்தில் பன்னிரண்டும் கைக்குள் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் ஒரே ஒரு பாட்டை மட்டும் டிரான்ஸ்போஸ் இல்லாமல் வாசிக்கத் தொடங்குங்கள்.

எப்போதுமே தொடக்கூடாது என்று சொல்லவில்லை. பாடுபவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு, மேடை ஏறும்போது அரைக் கட்டை இறக்கச் சொன்னால் தாராளமாகப் போடுங்கள். அதற்கு மெனுவுக்குள் போக ஆகும் பத்து வினாடி தாமதம் பெரிய விஷயமில்லை. உங்கள் வேலைக்கு 61 கீ, டச் ரெஸ்பான்ஸ், பெடல் சொருகும் துளை, வெளி ஸ்பீக்கருக்குக் கொடுக்கத் தனி அவுட்புட் உள்ளதாகப் பாருங்கள். யமஹா இ473-ல் நான்கும் உண்டு.

வர்ணம் வரை பாட்டு கற்றவள் நான். கீபோர்டில் வாசித்தால் தோடி தோடியாகவே இல்லை. எந்த மாடல் வாங்கினால் கமகம் வரும்? – மல்லேஸ்வரம்

கமகம் என்றால் ஸ்வரத்தை அசைப்பது; அதற்கு, ஒலிக்கும் ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் உள்ள மாடல் வேண்டும். சிடி-எஸ்300, இ473 இரண்டிலும் உண்டு. இ373 நல்ல கருவிதான், ஆனால் அதில் சக்கரம் இல்லை. கே. சத்யநாராயணன் கீபோர்டில் முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்கிறார், கேட்டுப் பாருங்கள். இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். சக்கரம் இடது கைக்குப் போய்விடுவதால் வாசிப்பது ஒரு கைதான். அதோடு, சக்கரத்தைத் தள்ளினால் ஒலித்துக்கொண்டிருக்கும் எல்லா ஸ்வரமும் சேர்ந்து வளையும். சுருதிக்காக ஸ-வை அதே கீபோர்டில் பிடித்து வைத்தால் சுருதியே ஆடும். சுருதிப் பெட்டியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மோகனம், ஹம்ஸத்வனி மாதிரி ராகங்களில் தொடங்கினால் மனம் சோராது. தோடிக்குப் பிறகு வரலாம்.

அமெரிக்காவிலிருந்து தங்கை வருகிறாள். அங்கே விலை குறைவு, வாங்கி வரச் சொல்லலாமா? – ஒயிட்ஃபீல்டு

லாபம் குறைவு, தொந்தரவு அதிகம். வாரன்டி இங்கே செல்லாமல் போகலாம். இந்தியாவுக்கென்றே செய்த மாடல் அங்கே கிடைப்பது அரிது. அடாப்டரில் 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் நம் 230 வோல்ட்டில் சொருகியதுமே எரிந்துவிடும். 100–240 என்று இருந்தால் பரவாயில்லை.

அடாப்டர் பற்றி எல்லோருக்குமே சொல்கிறேன். எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது, பின் சரியாகப் பொருந்துகிறது என்று வாங்காதீர்கள். பழைய கேசியோ பலவற்றில் பின்னின் நடுவில் மைனஸ், யமஹாவில் நடுவில் பிளஸ். மாற்றிச் சொருகினால் உள்ளே போர்டு போய்விடும். வோல்ட், ஆம்பியர், பிளஸ் மைனஸ் மூன்றும் பொருந்த வேண்டும். முடிந்தால் அந்தந்த கம்பெனி அடாப்டரே வாங்குங்கள்.

அபார்ட்மென்ட்டில் இரவில் வாசிக்க புளூடூத் ஹெட்போன் போடலாமா? – பெல்லந்தூர்

கூடாது. அழுத்தியதற்கும் கேட்பதற்கும் இடையே தாமதம் வரும், தாளம் கெடும். புளூடூத் உள்ள கீபோர்டுகளிலும் பெரும்பாலும் அது போனிலிருந்து பாட்டை வாங்கத்தான், ஹெட்போனுக்கு அனுப்ப அல்ல. வயர் வைத்த ஹெட்போன் போடுங்கள். துளை 3.5 மி.மீ.யா, 6.3 மி.மீ.யா என்று முதலில் பாருங்கள்.

பெடல் மிதிக்காதபோதுதான் சத்தம் நீள்கிறது. மிதித்தால் நிற்கிறது. – ஜெயநகர்

கீபோர்டை அணையுங்கள், பெடலைச் சொருகுங்கள், காலை எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் பெடல் வேறு கம்பெனியுடையதாக இருக்கலாம். இதைத் தலைகீழாக மாற்றும் சுவிட்ச் அடியில் உள்ள பெடல் வாங்குங்கள்.

மகன் கட்டிலில் வைத்து வாசிக்கிறான். ஸ்டாண்ட் அவசியமா?

அவசியம். முழங்கை கீயின் உயரத்துக்கு வர வேண்டும்.

மகள் டிரினிட்டி (லண்டன் இசைத் தேர்வு) கிரேடு 2 பியானோ முடித்திருக்கிறாள். வீட்டில் 61 கீ கீபோர்டு. ஆசிரியை டிஜிட்டல் பியானோ வாங்கச் சொல்கிறார். இது போதாதா? – பனசங்கரி

ஆசிரியை சொல்வது சரி. டிரினிட்டியில் பியானோ பரீட்சை வேறு, எலெக்ட்ரானிக் கீபோர்டு பரீட்சை வேறு. அவள் எழுதுவது பியானோ என்பதால் இனி 88 கீயும் கனமான கீயும் வேண்டும். இலகுவான கீயில் பழகிய விரல், பரீட்சை அறையின் பியானோவில் பாதி ஸ்வரத்தைத் தவறவிடும். யமஹா பி-145, கேசியோ சிடிபி-எஸ்110 இரண்டையும் அவளே வாசித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். 40,000-க்கு மேல் ஆகும். எடை 11 கிலோ அளவில் இருக்கும், வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பழைய கீபோர்டை விற்காதீர்கள், பள்ளி விழாவுக்கு ஆகும்.

பழையது வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்? – ஹெப்பால்

தாராளமாக வாங்கலாம். பியானோ டோன் வைத்து, முதல் கீயிலிருந்து கடைசிக் கீ வரை ஒவ்வொன்றாக, முதலில் மெதுவாக, பிறகு பலமாக அழுத்துங்கள். நடுவில் ஒரு கீ மட்டும் திடீரென்று கத்தினால் உள்ளே ரப்பர் கான்டாக்ட் தேய்ந்திருக்கிறது அல்லது தூசி அடைந்திருக்கிறது. சரி செய்யலாம், ஆனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வேண்டாம். அடாப்டர் பின்னை லேசாக ஆட்டும்போது அணைந்தால் அதுவும் வேண்டாம். டச் ரெஸ்பான்ஸ் இல்லாத பழையது எத்தனை மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள்.

அல்சூரில் ஒரு தமிழ் விழாவில் வாசிக்க அழைத்திருக்கிறார்கள். என்னிடம் இ373. அதன் ஸ்பீக்கர் போதுமா?

போதாது. பக்கத்துக்கு இரண்டரை வாட்தான், முதல் வரிசை தாண்டாது. ஹெட்போன் துளையிலிருந்து சவுண்ட்காரரின் மிக்ஸருக்குக் கொடுக்க வேண்டும். அது ஸ்டீரியோ துளை. கிட்டார் வயரைச் சொருகாதீர்கள், ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரிக்கும் வயர் கேட்டு வாங்குங்கள். சொருகியதும் உள் ஸ்பீக்கர் நின்றுவிடும், அதனால் உங்கள் பக்கம் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வேண்டும் என்று சவுண்ட்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு ஆறு ஏ.ஏ. பேட்டரியில் வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். ஆறும் புதிதாக இருக்கட்டும், பழையதோடு கலக்காதீர்கள்.

இன்னொன்று. கொஞ்ச நேரம் எந்தக் கீயும் தொடாமல் இருந்தால் கீபோர்டு தானாக அணைந்துவிடும். வாங்கும்போது அது 30 நிமிடத்தில் வைக்கப்பட்டிருக்கும். நம் விழாக்களில் வரவேற்புரையும் சிறப்புரையும் அதைத் தாண்டிப் போகும். உங்கள் முறை வரும்போது திரை இருண்டு, எடுத்து வைத்த டோனும் ரிதமும் போயிருக்கும். உங்கள் மாடலில் இடது கோடியில் உள்ள கடைசிக் கீயை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தால் அந்த வசதி நின்றுவிடும். மேடை ஏறும் முன் செய்துவிடுங்கள்.