அமெரிக்கப் புரட்சிக்குப் பணம் புரட்டிய ராபர்ட் மோரிஸ் ஏன் சிறைக்குப் போனார்?

மண்ணாசைதான் காரணம். 1734-ல் லிவர்பூலில் பிறந்து, பிலடெல்பியாவில் கப்பல் வணிகத்தில் கொழித்தவர் மோரிஸ். 1776 ஜூலை 2 அன்று விடுதலைக்கான வாக்கெடுப்பில் நழுவிக்கொண்டவர், ஆகஸ்டில் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். வியாபாரி புத்தி!

1781-ல் நாட்டின் நிதிப் பொறுப்பு அவரிடம் வந்தது. அன்றைய அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அச்சடித்த காகிதப் பணத்தை யாரும் சீந்தாத காலம் அது. மோரிஸ் தன் கையெழுத்துப் போட்ட நோட்டுகளை வெளியிட்டார். அரசை நம்பாதவர்களும் அவர் பெயரை நம்பி வாங்கிக்கொண்டார்கள். பிரிட்டிஷ் படையை மடக்கிய யார்க்டவுன் போர்ச் செலவுக்கு அது பெரிதும் கைகொடுத்தது.

பிறகு செனட்டரானார். 1790-களில் பல லட்சம் ஏக்கர் நிலத்தைக் கடனுக்கு வளைத்துப் போட்டார். நினைத்தபடி விற்கவில்லை, கடன் கழுத்தை நெரித்தது. 1798-ல் கடனாளிச் சிறை. முன்னாள் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் அங்கேயே போய் அவரோடு சாப்பிட்டார். 1801-ல் வெளியே வந்தபின் குடும்பம் ஓடியது, மனைவி மேரிக்குக் கிடைத்த ஆண்டுக்கு 1,500 டாலரில்.